இந்த டாக்டருக்குத் தமிழ் தெரியுமா?

வார்டில் நோயாளியுடன் தங்கியிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி, சற்றுத் தயக்கத்தோடுதான் கேட்பார்கள். "ராத்திரி வந்து பார்த்த தம்பிக்குத் தமிழ் தெரியுமா சார்? அம்மா சொன்னதெல்லாம் அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியல." சிலர் இதையே எழுதி ஆலோசனைப் பெட்டியில் போடுகிறார்கள். இதை நாங்கள் குறைசொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. தன் தாயின் வலி மருத்துவருக்குப் புரிந்ததா என்று அறிய விரும்புவது ஒரு மகளின் உரிமை. ஆகவே இந்த இதழில் அக்கேள்விக்கு நேர்மையாக விடைகூற முயல்கிறோம். எங்கள் துறையில் நடந்த, எங்களால் மறக்க இயலாத ஒரு மாலைப்பொழுதிலிருந்து தொடங்குகிறோம்.

முழுகாமல் இருந்த பெண்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இருபது வயதைச் சற்றுக் கடந்த ஒரு பெண்ணை அவருடைய மாமியார் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். தலை கிறுகிறுப்பு, அடிவயிற்றில் வலி. அன்று பணியில் இருந்தவர் வடமாநிலம் ஒன்றிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆகியிருந்த பயிற்சி மருத்துவர். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே விடை சொன்னார். "நாப்பத்தஞ்சு நாளா முழுகாம இருக்கா தம்பி" என்றும் சொன்னார்.

அந்த இளைஞருக்கு 'முழுகு' என்ற சொல் தெரியவில்லை. மீண்டும் கேட்டார். அந்த அம்மையார் தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையால் காட்டினார். பயிற்சி மருத்துவர் தம் குறிப்பில், 'நாற்பத்தைந்து நாள்களாகக் குளிக்கவில்லை' என்று எழுதினார். இவ்வளவு நாள் ஒருவர் குளிக்காமல் இருந்தால் அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாமே என்று எண்ணி, மனநலப் பிரிவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். அவர் அக்கறையற்றவர் அல்லர் என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று.

அடிவயிற்று வலியோடு வரும் இளம் பெண்கள் அனைவருக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்வது எங்கள் நடைமுறை. அவருக்கும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவசரம் என்ற குறிப்பு இல்லாததால் அது மற்ற பரிசோதனைகளோடு வரிசையில் காத்திருந்தது. அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் நிமிர்ந்து, பொறுப்புச் செவிலியரிடம், "சிஸ்டர், அந்தப் பொண்ணு உண்டாயிருக்குன்னு அந்தம்மா சொல்லுது. இந்தத் தம்பிக்கு விளங்கல போல" என்றார். அடுத்த சில நிமிடங்களில் பரிசோதனை முடிவு தெரிந்தது. ஸ்கேனில், கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருப்பதும், வயிற்றுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருப்பதும் தெரிந்தன. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தப் பெண் நலமாக வீடு திரும்பினார். பயிற்சி மருத்துவர் அந்த இரவு முழுவதும் அறுவை அரங்கின் வாசலை விட்டு நகரவில்லை.

மறுநாள் நாங்கள் கூடிப் பேசியபோது, பிழை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அவருக்குப் பணிநேரப் பட்டியல் கொடுத்திருந்தோம். அடையாள அட்டை கொடுத்திருந்தோம். எந்த மாடியில் எந்த வார்டு என்று காட்டியிருந்தோம். நம் ஊர்த் தாய்மார்கள் கர்ப்பத்தை எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிழை எங்களுடையது என்று அன்று ஏற்றுக்கொண்டோம். இன்று நாங்கள் பின்பற்றும் ஒழுங்குகள் பலவும் அந்த நாளுக்குப் பின் வந்தவையே.

இவர்கள் எப்படி இங்கு வருகிறார்கள்?

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடும், முதுநிலைப் பட்டப்படிப்பு இடங்களில் 50 விழுக்காடும் அகில இந்திய ஒதுக்கீட்டின்கீழ் நிரப்பப்படுகின்றன. நாட்டின் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரும் தரவரிசைப்படி அவ்விடங்களுக்கு வரலாம். அவ்வாறே தமிழ்நாட்டு மாணவர்களும் தில்லிக்கும் புனேக்கும் கொல்கத்தாவுக்கும் செல்கிறார்கள். மருத்துவர்கள் மட்டுமல்லர், செவிலியம், இயன்முறை மருத்துவம், மருத்துவ சமூகப்பணி ஆகியவற்றில் பயிற்சி பெறக் கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் பன்னிரண்டு மாதம் சுழற்சி முறையில் எல்லாத் துறைகளிலும் பயிற்சி பெறுவது கட்டாயம். 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதலாண்டின் தொடக்கத்திலேயே வட்டார மொழியைப் பயிலவும் நேரம் ஒதுக்கியது. ஆனால் முதுநிலைப் படிப்புக்கு வேறு மாநிலத்திலிருந்து வருபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. திங்கட்கிழமை வந்து சேர்ந்தவர் புதன்கிழமை இரவுப் பணியில் நிற்கிறார். அவருக்கு மருத்துவம் தெரியும். தேர்வில் ஆயிரக்கணக்கானோரோடு போட்டியிட்டு வென்றவர். ஆனால் உங்கள் தந்தை "நெஞ்சு கரிக்குது" என்று சொன்னால் அவருக்குப் புரியாது.

அகராதியில் கிடைக்காத தமிழ்

மொழிப் பயிற்சி என்றால் இலக்கணமும் எழுத்தும் கற்பிப்பது என்றே தொடக்கத்தில் நாங்களும் எண்ணினோம். நடைமுறையில் தடுமாற்றம் வந்ததெல்லாம் மிக எளிய சொற்களில்தான்.

'மயக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலை சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம். பசியால் வரும் சோர்வையும் மயக்கம் என்கிறோம். நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்கிறோம். மருத்துவருக்கு இவை மூன்றும் மூன்று வேறு பாதைகள். சுற்றலென்றால் காதின் உட்பகுதியையும், சோர்வென்றால் இரத்தத்தின் சர்க்கரை அளவையும், நினைவிழப்பென்றால் இதயத் துடிப்பையும் முதலில் பார்க்கத் தோன்றும். 'மயக்கம்' என்பதற்கு ஒரே பொருளைக் கற்றுவந்தவர் தவறான பாதையில் நெடுந்தூரம் சென்றுவிடக்கூடும்.

'இளைப்பு' என்று மூச்சு வாங்குவதைச் சொல்கிறோம். உடல் மெலிந்தவரை 'இளைத்துப் போனார்' என்கிறோம். 'ஒரு நாளைக்கு மூன்று' என்பது தினமும் மூன்று. 'நாளைக்கு மூன்று' என்றால் மறுநாள் மூன்று என்றும் பொருள்படும். மாத்திரை விஷயத்தில் இது சிறிய வேறுபாடு அன்று.

எங்கள் பயிற்சியாளர்களை அதிகம் குழப்பிய சொல் 'கால்'. முதியவர் ஒருவர், தாம் தினமும் "கால் மாத்திரை" சாப்பிடுவதாகச் சொன்னார். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மாத்திரையில் நான்கில் ஒரு பங்கைத்தான் அவர் குறிப்பிட்டார். கால்வலிக்கான மாத்திரை என்று புரிந்துகொண்ட பயிற்சியாளர், சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அதை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார். அவருடைய மனைவி சேலை முடிப்பிலிருந்து எடுத்துக் காட்டிய பழைய மருந்துச் சீட்டுதான் அன்று அதைத் திருத்த உதவியது. ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை.

இன்னொரு சொல் 'பரவாயில்லை'. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம்மவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டே "பரவாயில்லைங்க" என்பார்கள். அது குணமாகிவிட்டது என்பதாகாது. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதும் அதற்குள் இருக்கிறது. வெளியூர்ப் பயிற்சியாளர் அதை 'வலி இல்லை' என்று எழுதிவிடுவார். 'வாய்வு' என்ற சொல்லோ தமிழ் தெரிந்த எங்களையே ஏமாற்றும். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், "வாய்வுப் பிடிப்புதான்" என்று தாமே முடிவுசெய்துகொண்டு வருவோர் உண்டு. அந்தச் சொல்லை அப்படியே குறித்துக்கொள்பவர் மாரடைப்பைத் தவறவிடக்கூடும்.

இப்போது எங்கள் ஒழுங்கு

புதிதாக வரும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் முதல் வாரத்தில் ஒரு சிறு கையேடு கொடுக்கிறோம். உடலுறுப்புகள், வலியின் வகைகள் (குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுத்துப் பிடித்தல்), மலம், சிறுநீர், மாதவிடாய், கர்ப்பம் ஆகியவற்றைப் பேச்சுவழக்கில் குறிக்கும் சொற்கள், கால், அரை, முக்கால் என்னும் அளவுகள் ஆகியவை அதில் உள்ளன. தொகுத்தவர்களில் மூத்த செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் உண்டு. 'முழுகாமல்' என்ற சொல்தான் அதன் முதல் பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது.

அடுத்ததாக, மரியாதைச் சொற்கள். வேற்றுமொழிக்காரர் ஒருவர் நண்பர்களிடம் கேட்டுக் கற்ற தமிழில் 'வா', 'உட்கார்', 'படு' என்பவையே முதலில் நிற்கும். எழுபது வயதுப் பெரியவரிடம் "படு" என்று சொன்னதால் ஒரு குடும்பமே மனம் புண்பட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம். சொன்னவருக்கோ தாம் செய்த பிழை என்னவென்றே தெரியவில்லை. எனவே, எந்த வினைச்சொல்லைக் கற்றாலும் 'வாங்க', 'உட்காருங்க', 'படுங்க' என்றே கற்க வேண்டும்; பெயரைச் சொல்லி அழைப்பதற்கு முன் 'அம்மா', 'ஐயா' என்று அழைக்கக் கற்க வேண்டும் என்பது எங்கள் விதி.

மூன்றாவதாக, முதல் மூன்று மாதங்களில் வேற்றுமொழிப் பயிற்சியாளர் எவரும் நோயாளியின் வரலாற்றைத் தனியாகக் கேட்டு முடிவெடுப்பதில்லை. தமிழ் தெரிந்த செவிலியரோ சக பயிற்சியாளரோ உடன் இருப்பார். நோயாளி சொன்னதைப் பயிற்சியாளர் தம் அரைகுறைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். "நேத்து ராத்திரி ரெண்டு தடவை வாந்தி, ரத்தம் இல்லை, சரியா அம்மா?" நோயாளி சரி என்று சொன்ன பின்னரே அது குறிப்பேட்டில் ஏறும்.

மூன்று காரியங்களை மட்டும் நாங்கள் ஒருபோதும் அரைகுறைத் தமிழிடம் ஒப்படைப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கும் பெரிய பரிசோதனைகளுக்கும் ஒப்புதல் பெறுவது ஒன்று; கடுமையான நோயைப் பற்றித் தெரிவிப்பது இரண்டு; வீடு திரும்பும்போது மருந்துகளை விளக்குவது மூன்று. இவற்றைத் தமிழ் நன்கறிந்த மருத்துவரோ செவிலியரோதான் செய்ய வேண்டும். நோயாளி அறிந்த மொழியில் விளக்கம் பெறுவது அவருடைய உரிமை என்று, தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனமும் சொல்கிறது.

வீட்டார் மொழிபெயர்க்கும்போது

ஆங்கிலமோ இந்தியோ தெரிந்த பிள்ளைகள் குடும்பத்தில் இருந்தால், அவர்களே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாங்கள் ஐயப்படவில்லை. ஆனால் இதில் இரண்டு இடர்கள் உண்டு.

முதலாவது, அன்பு சொற்களை மாற்றிவிடும். தந்தை பத்து வரிகள் சொல்ல, மகன் ஒரு வரியில் முடிப்பார். மருத்துவர் கவலையோடு சொன்னதை, "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடும்னு சொல்றாரு" என்பார். தாங்கிக்கொள்ள மாட்டார் என்ற பயத்தில் சொல்வதே அது. ஆனால் அந்த நேரத்தில் தந்தைக்கும் மருத்துவருக்கும் இடையில் நடக்க வேண்டிய உரையாடல் நடக்கவே இல்லை.

இரண்டாவது, சிலவற்றைச் சிலர் முன்னிலையில் சொல்ல இயலாது. தனக்கு இரத்தப்போக்கு இருப்பதை ஒரு தாய் தன் மகன்வழியாக எப்படிச் சொல்வார்? கணவர் அடித்ததால் உண்டான காயத்தை, அந்தக் கணவரே மொழிபெயர்த்துச் சொல்வாரா? ஆகவே அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் உறவினரை மொழிபெயர்க்கக் கேட்பதில்லை. சிறுவர்களை எந்நிலையிலும் கேட்பதில்லை. "நீங்கள் சற்று வெளியே இருங்கள், சிஸ்டர் உடன் இருப்பார்" என்று நாங்கள் சொன்னால், அது உங்களை ஒதுக்குவதற்காக அன்று என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுகிறோம்.

அவர்கள் பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது

பயிற்சிக்கு வருபவர்கள் இருபத்து மூன்று, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். மொழி தெரியாத ஊரில், தொடர்ந்து பல மணி நேரம் பணி செய்கிறார்கள். நோயாளி ஒருவர், "தமிழ் தெரிஞ்ச டாக்டரைக் கூப்பிடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இரவில், மருந்து அறையில் நின்று அழுத ஒரு முதுநிலை மாணவியை எங்கள் செவிலியர் ஒருவர் தேற்றியிருக்கிறார். அந்த நோயாளி கேட்டதில் தவறில்லை. அந்த மாணவி அழுததிலும் தவறில்லை. இருவருக்கும் இடையில் நிற்க வேண்டிய நாங்கள் அங்கே இல்லாததுதான் குறை.

அவமானப்பட்ட பயிற்சியாளர் அதன்பின் கேள்வி கேட்கத் தயங்குவார். புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நாங்கள் மிகவும் அஞ்சுவது அந்தத் தலையசைப்புக்குத்தான். "புரியல அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மூன்றாம் முறை கேட்பவரால் உங்களுக்குத் தீங்கு வராது. ஆகவே புரியாதபோது புரியவில்லை என்று சொல்வதை எங்கள் துறையில் பாராட்டுகிறோம். அதற்காக எவரும் கடிந்துகொள்ளப்படுவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஜெர்மனிக்குச் செவிலியராகச் செல்லும் தமிழ்ப் பெண்கள் அந்நாட்டு அங்கீகாரம் பெற, பொதுவாக பி2 எனப்படும் நிலைவரை ஜெர்மன் மொழியைக் கற்றுத் தேற வேண்டும். தேறிய பின்னும், அங்குள்ள ஒரு பாட்டி தம் வட்டார வழக்கில் வலியைச் சொல்லும்போது, நம் பெண் திகைத்து நிற்பாள். அந்தப் பாட்டி பொறுமையோடு மறுபடி சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே அவளுடைய தாய் வேண்டிக்கொள்வாள்.

மொழி தெரியாமல் வந்து, கற்று, நம்மவராகவே ஆனவர்களும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அவர்களில் ஒருவர். மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அவர், தமிழைக் கற்றதோடு நிற்காமல், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். எங்கள் பயிற்சியாளர்களிடம் அவ்வளவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேற்றுமொழிக்காரர் ஒருவரால் தமிழில் மருத்துவம் பேச முடியும் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சான்று இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

நோயுற்று வந்திருக்கும் உங்கள்மீது ஆசிரியர் பொறுப்பையும் சுமத்த நாங்கள் விரும்பவில்லை. எனினும் கீழ்க்கண்டவை உங்கள் பாதுகாப்புக்கே உதவும்.

1. நிறுத்தி, சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லத் தேவையில்லை; அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

2. வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை முறை என்பதை விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள்.

3. 'மயக்கம்', 'வாய்வு', 'பரவாயில்லை' போன்ற சொற்களோடு நின்றுவிடாமல், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "எழுந்து நின்றேன், கண் இருட்டியது, விழுந்துவிட்டேன்" என்பது எந்த மொழிக்காரருக்கும் எளிதில் புரியும்.

4. பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். மாத்திரையைப் பாதியாகவோ கால் பங்காகவோ உடைத்துச் சாப்பிட்டால், உடைத்த துண்டையே காட்டுங்கள்.

5. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

6. ஐயம் இருந்தால், "தமிழ் தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். எந்த நேரத்திலும் கேட்கலாம். பொறுப்புச் செவிலியர் ஏற்பாடு செய்வார். அதற்காக எவரும் உங்களிடம் வருத்தப்பட மாட்டார்கள்.

7. ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பது முழுவதும் புரியாமல் கையொப்பமிட வேண்டாம்.

8. பயிற்சியாளர் சொல்லும் தமிழில் பிழை இருந்தால், சரியான சொல்லை எடுத்துக் கொடுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு அது உடனே பயன்படும்.

விடை

கட்டுரையின் தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். இந்த டாக்டருக்குத் தமிழ் தெரியுமா? முதல் வாரத்தில் தெரியாது. மூன்றாம் மாதத்தில் ஓரளவு தெரியும். ஓராண்டு முடியும்போது, பெரும்பாலோருக்கு நோயாளியிடம் பேசும் அளவு தெரிந்துவிடும். அதுவரை அந்தக் குறையை நோயாளி சுமக்கக் கூடாது. அதைச் சுமக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அன்று 'குளிக்கவில்லை' என்று எழுதிய அந்த இளைஞர் தம் பயிற்சியை எங்களிடமே முடித்தார். இறுதி மாதத்தில், புதிதாக வந்த இருவருக்கு அவரே அவசரப் பிரிவைச் சுற்றிக் காட்டினார். கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, முதல் சொல்லை மூன்று முறை அவர்களைச் சொல்லவைத்தார். பிறகு தூய்மைப் பணி செய்துகொண்டிருந்த அந்த அம்மையாரிடம் அவர்களை அழைத்துச் சென்று, "அக்கா, இவங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். 'ங்க' தவறாமல் வந்திருந்தது.